சம்மன் வந்தும் போகாதவர்கள்: நாடாளுமன்ற விசாரணையை மதிக்காதவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

போன மாசம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். திருப்பூர் கம்பெனிகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறார். ஏதோ ஒரு சப்ளையரின் பில் விஷயமாக அவருக்கு ஜிஎஸ்டி சம்மன் வந்திருந்தது. ஆடிட்டரைக் கூட்டிக்கொண்டு காலை பத்து மணிக்கெல்லாம் போய் உட்கார்ந்து, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். டிவியில் ஏதோ நாடாளுமன்றக் குழு செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டார்: "ஏனுங் மாப்ள, ஒரு சூப்பரிண்டெண்ட் கூப்பிட்டா நான் பயந்துட்டு ஓடறேன். பார்லிமெண்டே கூப்பிட்டும் போகாம இருக்காங்களே, அவங்களை ஒண்ணும் பண்ண மாட்டாங்களா?"

"பண்ணலாம் மாமா, ஆனா பண்ண மாட்டாங்க" என்று சொல்லிச் சமாளித்தேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரிந்தது. அதற்கப்புறம் மூன்று வார இறுதிகள் படித்ததன் குறிப்புதான் இந்தப் பதிவு.

முதலில் மாமாவின் சம்மன். சிஜிஎஸ்டி சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி அந்த விசாரணை நீதிமன்ற நடவடிக்கை போலவே கருதப்படும். பொய் சொன்னால் குற்றம். வராமலே இருந்தால் 122ஆம் பிரிவில் 25,000 ரூபாய் வரை அபராதம். எல்லாம் எழுதி வைத்த சட்டம். கூப்பிடுபவர் யார், வராவிட்டால் என்ன ஆகும், அதை யார் முடிவு செய்வார்கள் என்பதில் குழப்பமே இல்லை.

நாடாளுமன்றக் குழுவுக்கும் கூப்பிடும் அதிகாரம் இருக்கிறது. மக்களவை விதிகளில் 269, 270 இரண்டையும் படித்தால், ஆட்களையும் ஆவணங்களையும் வரவழைக்கலாம், செயலாளரின் கையெழுத்தோடு சம்மன் அனுப்பலாம் என்று தெளிவாகவே இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில்தான் வேலையே ஆரம்பிக்கிறது.

ஆறு கதவுகள்

நான் சாஃப்ட்வேர் ஆள். ஒரு ரிக்வெஸ்ட் உள்ளே போனால் எந்தெந்த இடத்தில் நின்றுபோகலாம் என்று படம் போட்டுப் பார்ப்பது பழக்கம். இதற்கும் போட்டேன். ஒருவர் குழுவை மதிக்கவில்லை என்று தண்டிக்கப்பட வேண்டுமானால் ஆறு கதவுகள் வரிசையாகத் திறக்க வேண்டும். ஒன்று மூடியிருந்தாலும் கதை முடிந்தது.

முதல் கதவு, கூப்பிடுவதா வேண்டாமா என்ற முடிவு. குழுவில் கட்சிகளுக்கு அவையில் உள்ள பலத்தின் விகிதத்தில்தான் இடம். ஆகவே பெரும்பாலும் ஆளுங்கட்சிக் கூட்டணியின் கையே ஓங்கியிருக்கும். யாரையாவது அழைக்கலாமா, அவர் சாட்சியம் தேவையா என்று தகராறு வந்தால் சபாநாயகரின் முடிவே இறுதி.

இரண்டாவது கதவு, ஆவணம். வெளியிட்டால் நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கெடுதல் என்று சொல்லி அரசு ஓர் ஆவணத்தைத் தர மறுக்கலாம். இது அதே 270ஆம் விதியிலேயே இருக்கிறது. விசாரிக்கப்படும் தரப்பே "இது ரகசியம்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாவது, கோரம். 259ஆம் விதிப்படி மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால்தான் கூட்டமே கூட்டம்.

நான்காவது, உரிமை மீறல் புகார். அவையில் எழுப்ப வேண்டுமானால் சபாநாயகரின் ஒப்புதல் வேண்டும். ஐந்தாவது, உரிமைக் குழுவும் பிறகு முழு அவையும் பெரும்பான்மையோடு "ஆமாம், தண்டிக்கலாம்" என்று சொல்ல வேண்டும். ஆறாவது, தண்டனையின் ஆயுள். அவை சிறைக்கு அனுப்பினாலும் அந்தக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படும் வரைக்கும்தான். அப்புறம் கதவு தானாகத் திறந்துவிடும்.

இந்த ஆறில் எத்தனை கதவுக்குச் சாவி ஆளுங்கட்சியிடம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆறாவதைத் தவிர எல்லாமே ஏதோ ஒரு வகையில் பெரும்பான்மையிடம்தான்.

2021 ஜூலை 28

மூன்றாவது கதவுக்கு நல்ல உதாரணம் பெகாசஸ். செல்பேசி ஒட்டுக்கேட்பு பற்றிய செய்திகள் வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. சசி தரூர் தலைமையிலான தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு, குடிமக்களின் தரவுப் பாதுகாப்பு பற்றி விசாரிக்க மின்னணு, உள்துறை, தொலைத்தொடர்பு ஆகிய மூன்று துறை அதிகாரிகளை அழைத்திருந்தது. கூட்டத்துக்கு பாஜக உறுப்பினர்கள் வந்தார்கள். ஆனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை. கோரம் இல்லை. அழைக்கப்பட்ட அதிகாரிகளும் கடைசி நேரத்தில் வேறு வேலை இருப்பதாகச் சொல்லி வரவில்லை.

குழுவுக்கு நேர்ந்த அவமதிப்பு என்று தரூர் சபாநாயகர் ஓம் பிர்லாவுக்குக் கடிதம் எழுதினார். அதோடு சரி. அந்த அதிகாரிகள் யாருக்கும் தண்டனை இல்லை.

இதில் அதிகாரிகளை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. ஒரு செயலாளர் தன் அமைச்சர் விரும்பாத கூட்டத்துக்கு ஏன் போவார்? போகாவிட்டால் அவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டிய அவையில் பெரும்பான்மை அந்த அமைச்சரின் கட்சிதான். என் மாமாவைக் கூப்பிட்ட அதிகாரிக்கு மாமாவின் ஓட்டு தேவைப்படவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

கூப்பிடாமலே விட்டுவிடுவது

2ஜி விவகாரம் இன்னும் சுவாரசியமானது. அங்கே சம்பந்தப்பட்டவரே "என்னைக் கூப்பிடுங்கள்" என்று கேட்டார்.

2011 மார்ச்சில் பி.சி. சாக்கோ தலைமையில் 30 பேர் கொண்ட கூட்டுக்குழு அமைந்தது. அப்போது நீலகிரி எம்.பி.யாக இருந்த ஆ. ராசா, அலைக்கற்றை ஒதுக்கீட்டின்போது தொலைத்தொடர்பு அமைச்சர். (எங்கள் மாவட்டத்து அவிநாசியும் நீலகிரித் தொகுதியில்தான் வருகிறது.) நேரில் வந்து சாட்சி சொல்ல அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினார். குழு அவரை நேரில் அழைக்கவில்லை, எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டது. பிரதமரையும் நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரத்தையும் அழைக்க வேண்டும் என்ற எதிர்க்கட்சிகளின் கோரிக்கையும் ஏற்கப்படவில்லை. 2013 செப்டம்பரில் அறிக்கை 16க்கு 11 என்ற வாக்கில் நிறைவேறியது. ராசா பிரதமரைத் தவறாக வழிநடத்தினார் என்பது அதன் சாரம். 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிமன்றம் ராசா உள்ளிட்டவர்களை விடுவித்தது.

தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். நான் கவனித்தது ஒன்றுதான்: கூப்பிட்டால்தானே வராமல் இருப்பது குற்றம்? கூப்பிடவே இல்லையென்றால் யாரும் எதையும் மீறவில்லை. சத்தமே இல்லாத தப்பித்தல் இது.

அதே சமயத்தில் முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக் கணக்குக் குழுவும் 2ஜியை விசாரித்தது. அதற்கு இன்னொரு பூட்டு. சபாநாயகரின் 99ஆம் வழிகாட்டு உத்தரவுப்படி கணக்குகளை ஆராயும் குழு அமைச்சர்களைச் சாட்சியாக அழைக்க முடியாது. பிரதமர் மன்மோகன் சிங் தாமாகவே வரத் தயார் என்று சொல்லியும் அவர் சாட்சி சொல்லவில்லை. 2011 ஏப்ரலில் அறிக்கையை ஏற்கும் கூட்டத்தில் 21 பேரில் 11 பேர் சேர்ந்து அதை நிராகரித்ததாக அறிவித்தார்கள்.

முந்தைய போஃபர்ஸ் கூட்டுக்குழுவிலும் இதே வாசனைதான். பெரும்பாலான எதிர்க்கட்சிகள் அதைப் புறக்கணித்தன. 1987 செப்டம்பரில் போஃபர்ஸ் கம்பெனி அதிகாரிகள் வந்தார்கள், ஆனால் பணம் யாருக்குப் போனது என்ற பெயர்களைச் சொல்லவில்லை. வணிக ரகசியமாம். குழு அதோடு விட்டது. 1988இல் வந்த அறிக்கைக்கு மறுப்புக் குறிப்பு எழுதியவர் நம் ஊர்க்காரர், அதிமுகவின் ஆலடி அருணா.

எல்லாக் கதவும் திறந்த ஒரே நாள்

அப்படியானால் பெரிய ஆள் யாருமே மாட்டியதில்லையா? மாட்டியிருக்கிறார். அதுவும் சாதாரண ஆள் இல்லை, இந்திரா காந்தி.

1975இல் மாருதி நிறுவனம் பற்றி மக்களவையில் ஒரு கேள்வி. அதற்குப் பதில் தயாரிக்கத் தகவல் சேகரித்த நான்கு அதிகாரிகள்மேல் சிபிஐ சோதனையும் வழக்குகளும் பாய்ந்தன. ஜனதா ஆட்சி வந்தபிறகு சமர் குகா தலைமையிலான உரிமைக் குழு இதை விசாரித்தது. இந்திரா குழு முன் பிரமாணம் எடுத்துச் சாட்சி சொல்ல மறுத்தார். அதையும் சேர்த்து அவை அவமதிப்பு என்று குழு முடிவு செய்தது. 1978 டிசம்பர் 19 அன்று மக்களவை அவரை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கி, கூட்டத்தொடர் முடியும்வரை சிறையில் வைக்கத் தீர்மானித்தது. சிக்மகளூரில் ஜெயித்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. திகார் சிறையில் ஒரு வாரம் இருந்தார். டிசம்பர் 26 அன்று கூட்டத்தொடர் முடிந்தது, வெளியே வந்தார்.

1980இல் மீண்டும் பிரதமர் ஆனார். 1981 மே 7 அன்று புதிய மக்களவை அந்தப் பழைய தீர்மானத்தையே ரத்து செய்தது.

இந்தக் கதையைப் பலர் "ஜனநாயகத்தின் வெற்றி" என்றோ "ஜனதாவின் பழிவாங்கல்" என்றோ சொல்வார்கள். எனக்கு இரண்டும் வேண்டாம். 1975இல் செய்த காரியத்துக்கு 1978இல் தண்டனை, 1981இல் மன்னிப்பு. இடையில் ஆதாரம் எதுவும் மாறவில்லை. மாறியது எண்ணிக்கை மட்டும்தான். ஆகவே "இவர் உள்வட்டத்து ஆள், தப்பித்துவிட்டார்" என்று நாம் சொல்லும்போது உண்மையில் சொல்வது, இவருடைய ஆட்கள் இன்னும் தோற்கவில்லை என்பதைத்தான்.

அமெரிக்காவில் நான்கு பேர்

அங்கே ஏற்பாடு வேறு. காங்கிரஸின் சம்மனை மீறுவது எழுதப்பட்ட குற்றம். அவை வாக்கெடுத்து நீதித்துறைக்கு அனுப்பும், அரசு வழக்கறிஞர் வழக்குப் போட வேண்டும்.

2021 ஜனவரி 6 கலவரத்தை விசாரித்த குழுவை மதிக்கவில்லை என்று நான்கு பேரை அவை அனுப்பியது. ஸ்டீவ் பானனும் பீட்டர் நவாரோவும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, 2024இல் தலா நான்கு மாதம் சிறையில் இருந்தார்கள். வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரியாக இருந்த மார்க் மெடோஸ், உதவியாளர் டான் ஸ்கவினோ இருவர்மேலும் வழக்கு போடப் போவதில்லை என்று 2022 ஜூனில் நீதித்துறை சொல்லிவிட்டது. முழுக் காரணத்தை வெளியில் விளக்கவில்லை. ஆனால் கோப்புகளைப் படித்தால் வித்தியாசம் தெரிகிறது.

பானன் 2017லேயே அரசுப் பதவியை விட்டவர். அதிபரின் ரகசியக் காப்பு என்று அவர் சொன்னது எடுபடவில்லை. நவாரோ பதவியில் இருந்தவர்தான், ஆனால் அதிபர் அந்த உரிமையைக் கோரினார் என்பதற்கு அவரிடம் ஆதாரம் இல்லை. மெடோஸ் அதிபருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர். அவரும் ஸ்கவினோவும் வக்கீல் வைத்துக் குழுவோடு பேச்சுவார்த்தை நடத்தினார்கள். மெடோஸ் ஆயிரக்கணக்கான குறுஞ்செய்திகளைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் நேரில் வர மறுத்தார்.

அதிபர் தன் உரிமையைக் கோரும்போது அவருடைய அதிகாரிமேல் வழக்குப் போட வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அமெரிக்க நீதித்துறை 1984லிருந்தே வைத்திருக்கும் கருத்து. 1982இல் சுற்றுச்சூழல் துறைத் தலைவர் ஆன் கோர்சச், 2012இல் நீதித்துறைத் தலைவராகவே இருந்த எரிக் ஹோல்டர், இருவர்மேலும் அவை தீர்மானம் போட்டும் வழக்கு வரவில்லை. ஒருவர் குடியரசுக் கட்சி ஆட்சி, இன்னொருவர் ஜனநாயகக் கட்சி ஆட்சி. ஆகவே கட்சி வித்தியாசமும் இல்லை.

பாடம் இதுதான்: முழுசாக முகத்தைத் திருப்பிக்கொள்பவர் மாட்டுகிறார். பாதி கொடுத்து, மீதியை ரகசியம் என்று சொல்லி, வக்கீல் கடிதமாக அனுப்புபவர் தப்பிக்கிறார். அப்படிச் செய்யப் பதவியும் பணமும் வேண்டும்.

பிரிட்டனில் இன்னும் சுலபம். டொமினிக் கம்மிங்ஸ் 2018இல் பொய்ச் செய்தி விசாரணைக் குழு முன் வர மறுத்தார். 2019 ஏப்ரலில் அவை அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அதே வருஷம் ஜூலையில் புதிய பிரதமர் போரிஸ் ஜான்சனின் தலைமை ஆலோசகராக அவர் டவுனிங் தெருவுக்குள் நுழைந்தார்.

நம்ம ஊரில் யார் ஜெயிலுக்குப் போனார்கள்?

இந்த இடத்தில்தான் எனக்கு வயிறு எரிந்தது. தமிழ்நாடு சட்டமன்றம் இந்த அதிகாரத்தை யார்மேல் பயன்படுத்தியது என்று தேடினேன்.

1987 ஏப்ரல் 4. ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல். எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டு நாளில் விட்டார்கள். அவர் வழக்குப் போட்டு 1994இல் உயர் நீதிமன்றத்தில் ஆயிரம் ரூபாய் இழப்பீடு வாங்கினார்.

2003 நவம்பர் 7. தி இந்து நாளிதழின் ஐந்து பேருக்கும் முரசொலி ஆசிரியர் செல்வத்துக்கும் 15 நாள் சிறை என்று அவை தீர்மானித்தது. உச்ச நீதிமன்றம் தடை விதித்தது.

2017 ஜூலை 19. தடை செய்த குட்கா கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது என்று காட்ட மு.க. ஸ்டாலின் உள்ளிட்ட திமுக உறுப்பினர்கள் பாக்கெட்டுகளை அவைக்குள் கொண்டுவந்தார்கள். உரிமை மீறல் நோட்டீஸ் போனது யாருக்கு? காட்டியவர்களுக்கு. உரிமைக் குழுவின் தலைவர் துணை சபாநாயகர் பொள்ளாச்சி ஜெயராமன். நோட்டீஸை 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, பிறகும் வழக்கு பல சுற்று ஓடியது. குட்கா லஞ்சப் புகாரை சிபிஐ விசாரிக்க 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது நீதிமன்றம், சட்டமன்றம் இல்லை.

கேலி செய்தவர், எழுதியவர், காட்டியவர். பதில் சொல்ல மறுத்த அதிகாரியோ அமைச்சரோ இந்த வரிசையில் இல்லை. கத்தி ஒன்றுதான், அது வெளிப்பக்கம் மட்டும் வெட்டுகிறது.

அரசியல் சாசனத்தின் 105, 194ஆம் பிரிவுகள் அவையின் உரிமைகளைச் சட்டமாக எழுதிக்கொள்ளலாம் என்கின்றன. 1950லிருந்து இன்றுவரை அப்படி ஒரு முழுமையான சட்டம் எழுதப்படவில்லை. எழுதினால் எல்லை வந்துவிடும், எழுதாமல் இருந்தால் யார் அவையில் பெரும்பான்மையோ அவர்களுடைய விருப்பம்.

சரி, என்ன செய்யலாம்?

"எல்லாரையும் பிடித்து உள்ளே போடு" என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அதிகாரத்தைக் கூர்மையாக்கினால் முதலில் மாட்டப்போவது இன்னொரு பாலசுப்ரமணியன்தான். எனக்குப் பட்டது மூன்று.

ஒன்று, சிறுபான்மைக்கும் கூப்பிடும் உரிமை. ஜெர்மனியில் நாடாளுமன்ற உறுப்பினர்களில் கால்வாசிப் பேர் கேட்டால் விசாரணைக் குழு அமைத்தே ஆக வேண்டும், அவர்கள் அரசியல் சாசனத்தின் 44ஆம் பிரிவு. குழுவுக்குள்ளும் கால்வாசிப் பேர் கேட்டால் சாட்சியை அழைக்க வேண்டும். முதல் கதவின் சாவி ஒன்று எதிர்க்கட்சியிடமும் இருக்கும்.

இரண்டு, வராதவர் பற்றிய முடிவு அவையிடம் இல்லாமல் நீதிமன்றத்திடம் போக வேண்டும். என் மாமாவுக்கு உள்ள மாதிரி எழுதி வைத்த அபராதம் போதும். ரகசியம் என்று மறுத்த ஆவணத்தை ஒரு நீதிபதி மூடிய அறையில் பார்த்துச் சொல்லலாம்.

மூன்று, செலவே இல்லாதது. யார் அழைக்கப்பட்டார், வந்தாரா, என்ன காரணம் சொன்னார் என்று ஒவ்வொரு குழுவும் பட்டியல் வெளியிட வேண்டும். நம் குழுக்கள் மூடிய அறையில்தான் கூடுகின்றன. யார் வரவில்லை என்பதே செய்தி கசிந்தால்தான் நமக்குத் தெரிகிறது.

இதெல்லாம் டெல்லி, சென்னை சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். காங்கேயத்திலிருந்து சென்னிமலைப் பக்கம் போனால் ஒரத்துப்பாளையம் அணை. 1992இல் பாசனத்துக்குக் கட்டியது. சாயத் தண்ணீர் வந்து தேங்கி, அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலமும் கிணறும் கெட்டன. இத்தனை சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலக்க யார் விட்டார்கள் என்ற கேள்விக்கு ஏதாவது ஒரு வழி பிறந்தது நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போன பிறகுதான். 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அணை கட்டி 19 வருஷம். மூடினதும் வேலை போனது மாமா மாதிரி ஆட்களுக்கு. பல வருஷம் முன்னாடியே ஓர் அதிகாரியை உட்கார வைத்துக் கேட்டுப் பதில் வாங்கியிருந்தால், விவசாயியும் அவ்வளவு இழந்திருக்க மாட்டார், பட்டறையும் ஒரே நாளில் பூட்டியிருக்காது. அப்படி உட்கார வைத்துக் கேட்பதற்குத்தான் மக்கள் பிரதிநிதிகளின் குழுக்கள் இருக்கின்றன.

இதையெல்லாம் மாமாவிடம் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப சம்மன்ல தப்பில்லீங் மாப்ள. கூப்பிடறவரும் கூப்பிடப்பட்டவரும் ஒரே வீட்டு ஆளு. அதான்."

மூன்று வாரம் படித்ததை ஒரு வரியில் முடித்துவிட்டார்.